ஒன்பதாம் இடம் என்ற செய்தியை வகுப்பறையில் எப்படி வாசிப்பது?

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் படிப்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். விமர்சனச் சிந்தனையைத் தனிப் பாடமாக வைத்தால், கல்விக் கொள்கை, அரச கொள்கை என்று வரும்போது எங்கள் பிள்ளைகள் தாங்களாக யோசித்து முடிவெடுப்பார்களா என்பது ஒன்று. மற்றது: “வகுப்பில் கதைக்க விட்டால் எல்லாரும் அரசாங்கத்தைத் திட்டுகிறார்கள். அதை விமர்சனச் சிந்தனை என்று எடுக்கலாமா?” சாதாரண தரப் பெறுபேற்றில் வடக்கு மாகாணம் ஒன்பதாம் இடம் என்று வரும் செய்தியையும், வேறு சில கொள்கைகளையும் வைத்துப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

தனிப் பாடம் வேண்டாம் என்பேன். அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. உயர்தரக் கலைப் பிரிவில் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ எடுக்கும் பிள்ளைகள் போலி நியாயங்களின் பெயர்களை வரிசையாக ஒப்புவிப்பார்கள். நியாயத்தொடையில் (எடுகோள்களிலிருந்து முடிவுக்குப் போகும் வாதத்தில்) பிழை எங்கே என்று சரியாகச் சுட்டிக்காட்டுவார்கள். அதே பிள்ளை பின்னேரம் ரியூட்டரிக்கு, அதாவது ரியூசன் நிலையத்துக்கு, போகும் வழியில், போனில் வந்த வதந்தியை யோசிக்காமல் நாலு பேருக்கு அனுப்பிவிடும். பாடத்தில் குறையில்லை. பரீட்சைத் தாளில் வரும் போலி நியாயம் ‘நான்தான் போலி’ என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வரும். பத்திரிகைச் செய்தியில் வருவது அப்படி வராது. புதிய பாடம் ஒன்றைத் தொடங்கினால் அதற்கும் ஒரு மாதிரி வினாத்தாள் தொகுப்பு வரும், அதற்கும் ஒரு ரியூசன் வகுப்பு வரும். 2025இல் அறிவித்த கல்விச் சீர்திருத்தத்திலும் விமர்சனச் சிந்தனை பற்றிய நல்ல வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. பரீட்சை எதற்குப் புள்ளி போடுகிறதோ அதைத்தான் வகுப்பறை படிப்பிக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு அவற்றைப் படியுங்கள்.

இரண்டாவது கேள்வி முக்கியமானது. கொழும்பிலிருந்து வரும் எதையும் சந்தேகத்தோடு பார்ப்பது யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்குப் பாலோடு வரும் பழக்கம். அதற்குக் காரணங்கள் உண்டு, அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை முடிவை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறது. வகுப்பில் நடப்பது அந்த முடிவுக்குக் காரணம் தேடும் வேலை. ‘இந்தத் திட்டத்தால் யாருக்கு நன்மை, யாருக்கு நட்டம், எந்தத் தரவை வைத்துச் சொல்கிறீர்கள்’ என்று மத்திய அரசிடம் கேட்கும் அதே வாய், எங்கள் மாகாண நிர்வாகத்திடமும், எங்கள் பழைய மாணவர் சங்கத்திடமும், எங்கள் கட்சியிடமும் அதையே கேட்கிறதா? நான் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்.

ஒரு செய்தியை எடுத்து இதைச் செய்து பார்ப்போம். க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வரும்போது அடிக்கடி வடக்கு கடைசி, ஒன்பதாம் இடம் என்று தலைப்பு வருகிறது. உடனே ஒரு பக்கம் ஆசிரியர்களுக்குத் திட்டு, இன்னொரு பக்கம் போன், போதைப்பொருள், வெளிநாட்டுக் காசு என்று காரணப் பட்டியல். 2024ஆம் ஆண்டுப் பரீட்சையின் எண்களைப் பாருங்கள். உயர்தரத்துக்குத் தகுதி பெற்றவர்கள் நாடளாவிய ரீதியில் 73.45 வீதம். முதலிடம் பெற்ற தென் மாகாணம் 75.64 வீதம். கடைசி இடத்தில் நின்ற வடக்கு 69.86 வீதம். முதலாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் இடையில் இருப்பது 5.78. நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஆறு பேர். அந்த ஆறு பேர் சிறிய விடயம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ‘ஒன்பதாம் இடம்’ என்று கேட்கும்போது மனதில் விழும் பள்ளத்துக்கும் இந்த இடைவெளிக்கும் பொருத்தமே இல்லை. ஒன்பது மாகாணம் இருந்தால் ஒன்று ஒன்பதாவதாக வந்தே தீரும். எல்லா மாகாணமும் பத்து வீதம் கூடினாலும் நாங்கள் அதே இடத்தில்தான் நிற்போம், அதே தலைப்பும் வரும்.

அடுத்ததாக, வீதத்தின் கீழே என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்க வேண்டும். கணக்கில் வருவது பரீட்சைக்குத் தோற்றியவர்கள். தரம் 9இலோ 10இலோ இடைவிலகிய பிள்ளை அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. ஒரு பாடசாலை தன் வீதத்தை இரண்டு வழியில் உயர்த்தலாம்: பலவீனமான பிள்ளையைத் தேற்றி எடுப்பது ஒரு வழி, அந்தப் பிள்ளை தோற்றாமலே பார்த்துக்கொள்வது இன்னொரு வழி. பெறுபேற்றுத் தாளில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். அப்படியானால் வீதம் கூடியதற்காக மட்டும் ஓர் அதிபருக்கு மாலை போடலாமா? வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பிறகு சராசரி. வடக்கில் ஐந்து மாவட்டங்கள். யாழ் மாவட்டத்துக்குள் மட்டும் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஐந்து கல்வி வலயங்கள். நகரத்துப் பெரிய பாடசாலையும், கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாத தீவகப் பாடசாலையும் சேர்ந்து ஓர் எண்ணாகிவிட்டால், அந்த எண்ணை வைத்து எந்த வலயத்துக்கு யாரை அனுப்புவது என்று ஒரு பணிப்பாளர் எப்படி முடிவெடுப்பார்?

இந்தப் பேச்சு எப்போதும் ‘ஒரு காலத்தில் கல்வியில் நாங்கள்தான் முதலிடம்’ என்ற பெருமூச்சில் போய் முடியும். அந்த ‘நாங்கள்’ யார் என்றும் கேட்க வேண்டும். அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று 1930 அளவில் அரசு பணித்தபோது, அதை மாற்றச் சொல்லி மனுப் போட்டவர்கள் எங்கள் ஊரவர்களே. சில பாடசாலைகள் எரிக்கவும் பட்டன. அதே யாழ்ப்பாணத்தில்தான் வாலிபர் காங்கிரஸ் என்ற இளைஞர் அமைப்பு சம ஆசனத்துக்காக நின்றது, அதுவும் எங்கள் வரலாறுதான். கொலனி அரசின் ஆணை நியாயமாகவும், ஊரின் எதிர்ப்பு அநியாயமாகவும் இருந்த ஒரு சந்தர்ப்பம் அது. ‘அரசாங்கம் சொன்னால் எதிர்’ என்ற வாய்ப்பாடு அந்த இடத்தில் என்ன விடை தரும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பழைய பொற்காலத்தின் சராசரியில் சேராத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதும் அப்போது கொஞ்சம் விளங்கும்.

ஞாயிற்றுக்கிழமை ரியூசன் தடை பற்றிய பேச்சு இன்னொரு நல்ல பயிற்சி. பிள்ளை அறநெறிப் பாடசாலைக்குப் போக நேரமில்லை, விளையாட நேரமில்லை, ஆகவே தடை செய்யுங்கள் என்ற கோரிக்கை அடிக்கடி எழும். நோக்கத்தில் யாருக்கும் முரண்பாடு இருக்காது. அடுத்த ஞாயிறு என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு நாட்டில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் தோற்றுகிறார்கள். வறிய பிள்ளைக்கு உதவிப்பணம் கொடுப்பதும், பெயர்பெற்ற பாடசாலைக்கு ஆள் தெரிவு செய்வதும் அந்த ஒரே பரீட்சையின் வேலை. போட்டி அப்படியே இருக்க, ரியூட்டரியின் கதவை மட்டும் பூட்டினால், வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியர் வீட்டுக்கே வருவார். நாற்பது பேரோடு வாங்கில் இருந்து குறைந்த காசில் படித்த பிள்ளை வீட்டில் சும்மா இருக்கும். தடை வேண்டாம் என்பதல்ல என் வாதம். தடை போடுபவர் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். ஊரில் எல்லாரும் கைதட்டும் யோசனை என்பதால் அந்தக் கடமை அவருக்கு இல்லாமற் போகாது.

அரச கொள்கை என்றால் 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதித் தடையை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். அதை நீட்ட வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் தடை, நவம்பரில் வாபஸ், இடையில் விவசாயியின் காலபோகம் (மாரிகாலப் பயிர்ச்செய்கை) பாழ். ஒரேயடியாக நாடு முழுவதும் செய்தார்கள், மாற்றுப் பசளை கையில் இருக்கவில்லை, ஒரு மாவட்டத்தில்கூட முதலில் செய்து பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பது இலகு. ஆனால் வலிகாமத்தின் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் நாங்கள் கொட்டிய உரம், மலகூடக் குழிகளின் கழிவோடு சேர்ந்து, சுண்ணக்கல்லின் ஊடாக இறங்கிக் கிணற்று நீரில் நைத்திரேற்றாக நிற்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது நியமம். அதைத் தாண்டிய கிணறுகள் எங்கள் தோட்டக் காணிகளில் இருக்கின்றன. தடை பிழை என்பதால் பிரச்சினையும் பொய் என்றாகாது.

கிணறு என்றதும் சுன்னாகம் நினைவுக்கு வரும். 2014, 2015 காலத்தில் சுன்னாகம் அனல் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்துவிட்டது என்று மக்கள் வீதிக்கு வந்தார்கள். நீர் வழங்கல் சபையின் பரிசோதனைகள் பல கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் நியமத்தைத் தாண்டியிருப்பதாகக் காட்டின. வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ, ஆபத்தான பெற்றோலியக் கலப்பு இல்லை என்ற பக்கம் நின்றது. கவனியுங்கள், ‘பயப்பட வேண்டாம்’ என்று சொன்னது நாங்கள் வாக்களித்து அமைத்த சபையின் குழு. பலர் அறிக்கையை வாசிக்கவே இல்லை. எந்தக் கட்சி தனக்குப் பிடிக்கும் என்பதை வைத்து எந்த அறிக்கை சரி என்று முடிவெடுத்தார்கள். நிபுணர் இருவர் முரண்பட்டால் சாதாரண ஆள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தண்ணீரை எப்போது எடுத்தார்கள், மழைக்கு முன்னா பின்னா? மேற்பரப்பிலா, அடியிலா? மொத்த எண்ணெய், கிறீசையா அளந்தார்கள், பெற்றோலியத்துக்கே உரிய குறிப்பிட்ட இரசாயனங்களையா? எந்த நாட்டு நியமத்தோடு ஒப்பிட்டார்கள்? இவற்றைக் கேட்க இரசாயனவியற் பட்டம் தேவையில்லை. சாதாரண தர விஞ்ஞானம் போதும். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

இனிக் கஷ்டமான இடத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் கல்விக் கொள்கை பற்றிய எந்தப் பேச்சும் கடைசியில் தரப்படுத்தலில், அதாவது பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாக வேறு வேறு புள்ளி வைத்த முறையில், வந்து நிற்கும். நிற்கத்தான் வேண்டும். 1970களின் தொடக்கத்தில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு வெட்டுப்புள்ளி 250, சிங்களமொழி மூல மாணவருக்கு 227. மருத்துவத்துக்கு 250, 229. இதைப் பற்றி வகுப்பில் பேசும்போது கோபத்தைத் தள்ளி வையுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கோபத்தோடு சேர்த்து இந்தக் கேள்வியையும் கேளுங்கள்: இது எந்தக் குறையைத் தீர்க்க வந்தது? வசதி குறைந்த பாடசாலைப் பிள்ளைக்குக் கைகொடுப்பது நோக்கம் என்றால், கொழும்பில் ஆய்வுகூடத்தோடு படித்த சிங்களமொழி மூல மாணவருக்கு ஏன் சலுகை? மன்னாரில் ஆய்வுகூடமே காணாத தமிழ்மொழி மூல மாணவருக்கு ஏன் தண்டனை? சொன்ன நோக்கமும் எடுத்த அளவுகோலும் பொருந்தவில்லை. மொழி ஒன்றை வைத்து வெட்டியது பாரபட்சம் என்பதை நிறுவ இந்த ஒரு கேள்வி போதும், கவிதை தேவையில்லை.

1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறு வகை. வீட்டிலும் மேடையிலும் இரண்டையும் ஒன்றாக்கியே பேசிவிடுகிறோம். மாவட்ட முறை யாழ்ப்பாணத்தை அடித்தது. கொழும்பு மாவட்டத்துச் சிங்களப் பிள்ளைகளையும் அடித்தது. அதே முறையால் வவுனியா, மன்னார், மட்டக்களப்புப் போன்ற மாவட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தனித் திறமை வரிசையில் கிடைத்திராத இடம் கிடைத்தது. யாழ்ப்பாணத்தின் இழப்பைத் ‘தமிழரின் இழப்பு’ என்று முழுவதாகச் சொல்லும்போது அந்தப் பிள்ளைகள் கணக்கில் இல்லாமற் போகிறார்கள். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் முகம் சுழிப்பவர்கள் உண்டு. சொல்லாமல் விமர்சனச் சிந்தனை பற்றிப் பேசுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

இப்போதைய முறையில் கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள். அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களின் பட்டியலில் யாழ்ப்பாணமும் இருக்கிறது. போர் தின்ற ஆண்டுகளை நினைத்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் ஒதுக்கீடு என்பதே திறமைக்கு எதிரானது என்று கொள்கையளவில் பேசும் எவரும் இந்த 5 வீதத்தை எதிர்த்து யாழ்ப்பாணத்தில் ஊர்வலம் போனதாக நான் கேள்விப்படவில்லை. எங்களை அடிக்கும்போது பிழையாகவும் எங்களுக்குத் தரும்போது சரியாகவும் தெரியும் ஒரு கொள்கையில், எங்கள் உண்மையான அளவுகோல் எது?

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். குறிகட்டுவானில் படகேறி ஒரு மணித்தியாலம் கடலில் போனால் வரும் நெடுந்தீவில் படிக்கும் பிள்ளையும், நல்லூரில் நாலு ரியூட்டரிக்கு நடுவே வாழும் பிள்ளையும் அந்த 55 வீதத்தில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இருவரும் யாழ் மாவட்டம். கொழும்பும் முல்லைத்தீவும் ஒரே வரிசையில் நிற்பது அநீதி என்றால், இது என்ன? மாவட்டத்துக்குப் பதில் பாடசாலையின் வசதியையோ குடும்ப வருமானத்தையோ அலகாக எடுக்கலாமா, எடுத்தால் யார் எப்படி ஏமாற்றுவார்கள் என்று பிள்ளைகளை மோத விடுங்கள். எனக்கு இதில் முடிந்த முடிவு கிடையாது. பாடசாலை அலகு நல்லது என்ற பக்கம் சாய்கிறேன், அவ்வளவுதான்.

வகுப்பில் செய்ய இரண்டு பயிற்சிகளைச் சொல்கிறேன். ஒரு கொள்கைச் செய்தியை இரண்டு விதமாகத் தட்டச்சு செய்யுங்கள். ஒன்றில் ‘மத்திய கல்வி அமைச்சு’, மற்றதில் ‘வட மாகாணக் கல்வி அமைச்சு’. மிச்சமெல்லாம் ஒரே சொற்கள். வகுப்பில் பாதிக்கு ஒன்று, பாதிக்கு மற்றது. எழுதிய கருத்துகளைப் பிறகு பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே வராது. மற்றது, விவாதம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் ஒரு வசனம் எழுத வேண்டும்: ‘எந்தத் தகவல் கிடைத்தால் என் கருத்தை மாற்றுவேன்.’ அந்த வசனத்தை எழுத முடியாத பிள்ளை அன்றைக்கு வாதாட வேண்டாம், கேட்டுக்கொண்டிருக்கட்டும். சுழலும் சொற்போரிலும் பட்டிமன்றத்திலும் எங்கள் பிள்ளைகள் விண்ணர்கள். தந்த பக்கத்தில் நின்று கைதட்டு வாங்கத் தெரியும். கருத்தை மாற்றிக்கொண்டவருக்கு அங்கே பரிசு இல்லை, உங்கள் வகுப்பில் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் முதலில் உங்களிடமே கேள்வி கேட்க விட வேண்டும். ‘வாய் காட்டாதை’ என்று அதட்டும் வகுப்பில் அமைச்சரைக் கேள்வி கேட்கும் பிள்ளை உருவாகாது. அதிபர் என்ன சொல்வார், அரச உத்தியோகத்தருக்கான தாபனவிதிக்கோவை என்ன சொல்கிறது என்ற உங்கள் பயமும் விளங்குகிறது. அரச உத்தியோகத்தர் அனுமதியின்றி ஊடகத்தில் கொள்கையை விமர்சிப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. வகுப்பறையில் அரசாங்கம் வெளியிட்ட எண்களைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது அந்த வகையில் வராது. ஆகவே கருத்திலிருந்து தொடங்காமல் எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

எண் கிடைக்க வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வலயக் கல்விப் பணிமனையின் தகவல் அலுவலருக்கு ஒரு பெற்றோர் விண்ணப்பித்தால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ‘சித்தி வீதம்’ என்று கேட்டால் அதை மட்டும்தான் தருவார்கள். தரம் 6இல் சேர்ந்தவர்கள் எத்தனை, தரம் 11இல் இடாப்பில் இருந்தவர்கள் எத்தனை, சாதாரண தரத்துக்குத் தோற்றியவர்கள் எத்தனை, இந்த மூன்றையும் பாடசாலைவாரியாக, கடந்த ஐந்து ஆண்டுகளுக்குக் கேட்கச் சொல்லுங்கள். விண்ணப்பம் தமிழிலேயே எழுதலாம். கையளித்ததற்குத் திகதியோடு எழுத்தில் அத்தாட்சி வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் மேன்முறையீட்டுக்கு அது வேண்டும்.